மலைக்கு இந்தப் பக்கம் எழுதி, அந்தப் பக்கம் வாசிக்க: கட்டுரை வரைவும் திருத்தமும்

தமிழ்நாடு-கேரள எல்லையில், குமுளியிலோ வண்டிப்பெரியாற்றிலோ உட்கார்ந்து தமிழில் கட்டுரை எழுதுகிறவருக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. அவர் எழுதுவதை மலை இறங்கினால் கம்பத்தில் ஒருவர் வாசிப்பார், மூணாறில் ஒருவர் வாசிப்பார், சென்னையில் ஒரு பத்திரிகை ஆசிரியரும் வாசிப்பார். மூவருக்கும் தமிழ் ஒன்றுதான். ஆனால் தெரிந்த விஷயங்கள் வேறு, பயங்கள் வேறு, அரசு அலுவலகங்களைச் சொல்லும் பெயர்கள்கூட வேறு. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கம் எழுதுகிறவர்களுக்கும் இதே நிலைதான். பள்ளி ஆண்டு மலரோ, தமிழ்ச் சங்கப் போட்டியோ, வார இதழோ, எதற்கு எழுதினாலும் யாருக்கு எழுதுகிறோம் என்று முடிவு செய்யாமல் ஆரம்பிப்பதில்தான் பாதிக் கட்டுரை கெட்டுப்போகிறது.

கீழே வரும் முறை 800 முதல் 1,200 சொல் வரையுள்ள கட்டுரைக்கானது. உதாரணத்துக்கு ஒரே பொருளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வோம்: கேரளத்தில் நின்று தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை. இரண்டு பக்கமும் சூடேறுகிற பொருள் என்பதாலேயே அது வசதி. வாசகரை மறந்தால் அடி எங்கே விழும் என்று அதில் உடனே தெரிந்துவிடும்.

எழுதும் முன்: நாலு வரிச் சீட்டு

ஒரு துண்டுத் தாளில் நாலு வரி எழுதி, எழுதி முடிக்கும்வரை கண்ணில் படும்படி வையுங்கள். வாசிப்பவர் யார்? இதைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? எதை நம்பிக்கொண்டிருக்கிறார்? வாசித்து முடித்ததும் அவருக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதல் வரியில் 'பொதுமக்கள்' என்று எழுதினால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். பொதுமக்கள் என்று ஒருவர் கிடையாது. 'கம்பம் பக்கம் இரண்டு போகம் நெல் போடுகிற ஐம்பது வயதுக்காரர்' என்று எழுதினால் ஆள் தெரிகிறார். அணையின் நீர்மட்டத்துக்குச் சொல்லும் 152, 136, 142 அடி என்ற எண்கள் அவருக்கு மனப்பாடம். அணை பலமாக இருக்கிறது என்று நம்புகிறார். ஆற்றின் கீழே கேரளத்தில் குடியிருப்பவர் ஏன் பயப்படுகிறார் என்பதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்க மாட்டார். 'வண்டிப்பெரியாற்றில் பிளஸ் டூ படிக்கிற தமிழ்ப் பெண்' என்று எழுதினால் எல்லாமே மாறிவிடும். மழைக்காலத்தில் ஷட்டர் திறக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பு அவளுக்குப் பழக்கம். அந்தத் தண்ணீர் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகிறது என்பது புதுச் செய்தியாக இருக்கலாம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுத முடியாதா என்றால், முடியும். ஆனால் ஒருவரை முதல் வாசகராக வைத்து எழுதி முடித்துவிட்டு, திருத்தும்போது இரண்டாமவரின் கண்ணால் ஒருமுறை வாசிக்க வேண்டும். எழுதும்போதே இருவரையும் திருப்திப்படுத்தப் பார்த்தால் வாக்கியம் ஒவ்வொன்றும் மென்று விழுங்கும்.

அடுத்தது கேள்வி. 'முல்லைப் பெரியாறு அணை' என்பது பொருள். அதை வைத்துக் கட்டுரை எழுத முடியாது, தகவல்களை அடுக்கத்தான் முடியும். '142 அடி என்ற எண் எங்கிருந்து வந்தது?' என்பது கேள்வி. கேள்வி இருந்தால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அதுவே சொல்லிவிடும். அந்தக் கேள்விக்கு உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். வரவில்லையென்றால் இன்னும் வாசிக்க வேண்டும் என்று அர்த்தம், எழுத உட்காருகிற நேரம் வரவில்லை.

சேகரித்த தகவல்களைத் துண்டுக்கு ஒன்றாக எழுதி மூன்று குவியலாகப் பிரியுங்கள். வாசகருக்குத் தெரிந்தவை, வாசகருக்குத் தேவையானவை, உங்களுக்குப் பிடித்தவை. மூன்றாவது குவியல்தான் ஆபத்து. 1886-இல் போட்ட குத்தகை 999 வருடத்துக்கு என்பதும், பென்னிகுயிக் மேற்பார்வையில் அணை 1895-இல் முடிந்தது என்பதும் எல்லோருக்கும் பிடித்த தகவல்கள். ஆனால் 142 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவை பதில் சொல்வதில்லை. ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போகலாம், ஒரு பத்தி கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டின் மூலையிலும் அது எங்கே கிடைத்தது என்று எழுதிவிடுங்கள். கடைசியில் எண் சரிபார்க்கும்போது அந்த மூலைக் குறிப்புதான் காப்பாற்றும்.

முதல் வரைவு

முதல் வரைவு உங்களுக்காக. அதை வேகமாக, முடிந்தால் ஒரே அமர்வில் முடியுங்கள். 1,000 சொல் தேவையென்றால் 1,300 வரை போகட்டும். திருத்தும்போது எப்படியும் நாலில் ஒரு பங்கு உதிரும். 1,000-க்குச் சரியாக 1,000 எழுதினால் வெட்ட மனம் வராது.

முன்னுரையில் ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு எந்தப் பகுதி நன்றாகத் தெரியுமோ, அதிலிருந்து ஆரம்பியுங்கள். கட்டுரை எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத நேரத்தில் எழுதுகிற முன்னுரை, 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கி எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற மாதிரி வந்து நிற்கும். வள்ளுவர் மேல் குறை இல்லை. மழைநீர் சேகரிப்பு, கூவம், காவிரி, குடிநீர் பாட்டில் என்று எதற்கும் அந்த வரியை ஒட்டலாம் என்பதுதான் சிக்கல்.

ஆண்டோ பெயரோ நினைவு வரவில்லையென்றால் 'ஆண்டு பார்' என்று கட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். கூகுளில் தேட எழுந்தால் அந்த அமர்வு அதோடு போச்சு. ஃபோனில் பேசித் தட்டச்சு செய்வது வரைவுக்கு நல்ல வழி, வேகம் கிடைக்கும். ஆனால் நிறுத்தக்குறி வராது, ஒற்று பாதி வராது, ஊர்ப் பெயர்களை அது தன் இஷ்டத்துக்கு மாற்றும். அதெல்லாம் கடைசிச் சுற்றில் பார்க்க வேண்டியவை. வரைவில் நின்று சரிசெய்ய வேண்டாம்.

பழைய கணினிகளில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தால் வேறு ஃபோனில் திறக்கும்போது எழுத்து கலைந்து போகும். முதலிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள்.

ஒரு பத்தியைப் பிரித்துப் போட்டுப் பார்ப்போம்

முதல் வரைவில் இப்படி ஒரு பத்தி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

'பழம்பெருமை வாய்ந்த முல்லைப் பெரியாறு அணையானது இரு மாநிலங்களுக்கிடையே நீண்ட காலமாக நிலவி வரும் பிரச்சினைக்குக் காரணமாக அமைந்துள்ளது என்பது அனைவரும் அறிந்ததே. 1979-இல் நீர்மட்டம் குறைக்கப்பட்டது. பின்னர் நீதிமன்றத்தால் 142 அடியாக உயர்த்திக்கொள்ள அனுமதி அளிக்கப்பட்டது. இதனால் விவசாயிகள் பயனடைந்தனர். ஆனால் மக்கள் அச்சத்தில் உள்ளனர்.'

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பள்ளியில் மார்க்கும் கிடைக்கும். ஆனால் வாசகர் பக்கம் போய் உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி கிளம்புகிறது. அனைவரும் அறிந்தது என்றால் ஏன் சொல்கிறீர்கள்? அறியாதவர் என்ன செய்வார்? நீர்மட்டம் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறைந்தது? குறைத்தது யார், ஏன்? எந்த நீதிமன்றம், எப்போது? எந்த ஊர் விவசாயிகள்? கடைசி வரியில் வரும் 'மக்கள்' யார், அவர்களுக்கு என்ன அச்சம்? விவசாயிகள் மக்கள் இல்லையா? இந்தக் கடைசிக் கேள்வி கிண்டல் மாதிரி தெரியும். ஆனால் கம்பத்துக்காரர் அந்த வரியில்தான் முகம் சுளிப்பார்.

கேள்விகளுக்குப் பதில் எழுதினால் பத்தி இப்படி ஆகும்:

'முல்லைப் பெரியாறு அணை நிற்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அதை இயக்குவது தமிழ்நாடு. அதில் 152 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்பது பழைய கணக்கு. அணை பலமாக இருக்கிறதா என்ற கேள்வி எழுந்தபின், மத்திய நீர் ஆணையத்தின் ஆலோசனைப்படி 1979-இல் அது 136 அடியாக இறங்கியது. பிறகு தமிழ்நாடு அணையைப் பலப்படுத்தும் வேலைகளைச் செய்தது. 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளம் உடனே ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து 136-ஐத் தாண்டக் கூடாது என்றது. அந்தத் திருத்தம் செல்லாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னபோது 142 மறுபடி உறுதியானது. இந்த ஆறு அடி, கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவருக்குப் பாசனத் தண்ணீர். ஆற்றின் கீழே வண்டிப்பெரியாற்றில் இருப்பவருக்கு, மழைக்கால ராத்திரியில் ஷட்டர் திறந்துவிடுவார்களோ என்ற கவலை.'

பத்தி நீண்டுவிட்டது. பரவாயில்லை. திருத்தம் என்றால் சுருக்குவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வாசகருக்குத் தேவையானது இல்லாத இடத்தில் அது நீளத்தான் வேண்டும். போனவற்றையும் கவனியுங்கள்: 'பழம்பெருமை வாய்ந்த', 'அணையானது', 'நிலவி வரும்', 'அமைந்துள்ளது', 'அனைவரும் அறிந்ததே'. ஒன்றுகூட வாசகருக்கு எதையும் கொண்டுபோகவில்லை. 'குறைக்கப்பட்டது', 'அளிக்கப்பட்டது' போய், செய்தவர் பெயரோடு வினை வந்துவிட்டது. இரு மாநில விவகாரத்தில் 'பட்டது' வினைகள் வெறும் நடைக் குறை மட்டும் கிடையாது. செய்தவரை மறைக்கிறீர்கள் என்று ஏதாவது ஒரு பக்கத்துக்காரர் சந்தேகப்படுவார்.

இன்னொரு இடம். இதே கட்டுரையில் இடுக்கி அணையைப் பற்றி ஒரு வரி வந்தால், அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 2,403 அடி என்று செய்தித்தாளில் இருப்பதை அப்படியே போடுவார்கள். வாசகர் 142-ஐயும் 2,403-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திகைத்துப் போவார். இடுக்கிக்குச் சொல்வது கடல் மட்டத்திலிருந்து உயரம். முல்லைப் பெரியாற்றுக்குச் சொல்வது அந்த அணையிலேயே அளக்கிற உயரம். இரண்டு எண்ணும் சரி, சேர்த்துப் போட்டால் தப்பான படம் கிடைக்கும். எண் எழுதும்போதெல்லாம் 'எதிலிருந்து?' என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஏக்கர், ஹெக்டேர், சென்ட் மூன்றும் ஒரே கட்டுரையில் வந்தாலும் இதே கோளாறுதான். ஒன்றைத் தேர்ந்து மற்றதை அதற்கு மாற்றிவிடுங்கள். ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர், ஓர் ஏக்கர் 100 சென்ட்.

எல்லை தாண்டினால் பொருள் மாறும் சொற்கள்

எல்லையில் எழுதுகிறவர் கூடுதலாக உஷாராக இருக்க வேண்டிய இடம் இது. இடுக்கியில் 'பட்டயம் கிடைக்கவில்லை' என்றால் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் இல்லை என்று அர்த்தம், ஒரு குடும்பத்தின் தலைமுறைக் கவலை. மதுரையில் அதே வரியை வாசிப்பவர் பாலிடெக்னிக் முடித்தவருக்குச் சான்றிதழ் வரவில்லை போலிருக்கிறது என்று நினைப்பார். அவருக்குத் தெரிந்த சொல் பட்டா. கேரள வருவாய்த்துறையில் 'போக்குவரவு' என்பது பத்திரம் பதிந்தபின் நிலத்தின் பேர் மாற்றுவது. தமிழ்நாட்டு வாசகர் காதில் அது பஸ் விவகாரமாக விழும். 'தொழிலுறப்பு' என்று எழுதினால் கம்பத்தில் புரியாது, 'நூறு நாள் வேலை' என்றால் உடனே புரியும். வில்லேஜ் ஆபீஸ் என்பதைத் தமிழ்நாட்டில் வி.ஏ.ஓ. ஆபீஸ் என்பார்கள். துலாவர்ஷம் என்றால் ஐப்பசி மழை, அதாவது வடகிழக்குப் பருவமழை.

இதற்காக ஊர்ச் சொல்லைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் சென்னைத் தமிழாக மாற்ற வேண்டாம். அப்படி மாற்றினால் கட்டுரை எந்த ஊரில் நடக்கிறது என்றே தெரியாது. முதல்முறை வரும்போது வாக்கியத்தின் ஓட்டத்திலேயே விளக்கம் போகட்டும்: 'நிலம் அவர்கள் பேரில்தான் என்று அரசு கொடுக்கும் பட்டயம் இன்னும் கைக்கு வரவில்லை.' அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட்டால் வாசகர் ஒவ்வொரு முறையும் தடுக்கி நிற்பார். ஒரு பத்தியில் இப்படி விளக்கவேண்டிய சொல் இரண்டுக்கு மேல் வந்தால், ஒன்றைப் பொதுச் சொல்லாக மாற்றிவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. ஆவின், உழவர் சந்தை, நிலப் பதிவேடுகளான சிட்டா, அடங்கல் என்று எழுதுகிற தேனிக்காரர், மூணாறில் வாசிக்கிற தமிழருக்கு அவை தினசரிச் சொற்கள் கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பேச்சை மேற்கோளாகப் போடும்போது பேசியபடியே விடுங்கள். தோட்டத் தொழிலாளி ஒருவர் தன் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டைப் பற்றி, 'லயத்துல ஒரே ரூம்தான் சார், அதுல ஆறு பேரு' என்று சொன்னால், அதை 'ஒரே அறையில் ஆறு பேர் வசித்து வருகிறோம்' என்று மாற்றியதும் ஆள் காணாமல் போய்விடுகிறார். ஆனால் உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று பேச்சிலும் அடுத்தது மேடையிலும் நிற்கக் கூடாது. ஒரு நடையை எடுத்தால் கடைசிவரை அதுதான்.

திருத்தம்: ஒரே தடவையில் எல்லாம் வராது

வரைவுக்கும் திருத்தத்துக்கும் நடுவே குறைந்தது ஓர் இரவு போகட்டும். நேரமே இல்லையென்றால் தாளில் பிரிண்ட் எடுத்தாவது வாசியுங்கள். திரையில் கண்ணுக்குத் தப்பியது தாளில் மாட்டும். எழுத்துப் பிழையில் ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நாளைக்கு மொத்தமாக அடிக்கப் போகிற பத்தியில் இன்றைக்கு ஒற்று திருத்துவது வீண் வேலை. பெரியதிலிருந்து சிறியதுக்கு வாருங்கள்.

முதல் சுற்று அமைப்பு. ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அது என்ன சொல்கிறது என்று ஆறேழு சொல்லில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பத்தி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விஷயம் வந்தால் பத்தியை உடைக்க வேண்டும். பிறகு அந்த ஓரக் குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். ஒன்றுக்குப் பிறகு ஏன் அடுத்தது வருகிறது என்று புரிந்தால் வரிசை சரி. 'அப்புறம்', 'இன்னொன்று' என்று மட்டும்தான் இணைக்க முடிகிறது என்றால் வரிசை இன்னும் அமையவில்லை. இந்தச் சுற்றில் ஒரு குறுக்குவழியும் உண்டு: முதல் இரண்டு பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு மூன்றாவதிலிருந்து வாசித்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லையென்றால் அந்த இரண்டையும் எடுத்துவிடலாம். பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

இரண்டாம் சுற்று வாசகரின் கேள்விகள். மேலே ஒரு பத்திக்குச் செய்தோமே, அதை முழுக் கட்டுரைக்கும் செய்ய வேண்டும். பென்சிலால் யார், எப்போது, எவ்வளவு, யார் சொன்னது என்று ஓரத்தில் குறியுங்கள். அடுத்த இரண்டு வாக்கியத்துக்குள் பதில் வந்தால் விட்டுவிடலாம். வராவிட்டால் அந்த இடத்திலேயே பதிலைப் போடுங்கள். எதிர்க்கேள்விக்கும் இதுதான் நேரம். கம்பத்து வாசகருக்கு எழுதினால், ஆற்றின் கீழே இருப்பவரின் பயத்தை, அவரே எந்தப் பலத்தோடு சொல்லியிருப்பாரோ அந்தப் பலத்தோடு சொல்லுங்கள். பலவீனமாகச் சொல்லிவிட்டு அதை முறியடித்தால் வாசகருக்கு உடனே தெரிந்துவிடும்.

மூன்றாம் சுற்று வாக்கியம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. நடுவே எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம் என்பது நம் மொழியின் வசதி. ஆனால் வாசகர் அத்தனையையும் கையில் பிடித்துக்கொண்டு வினைக்காகக் காத்திருக்க வேண்டும். பதினைந்து சொல்லுக்கு மேல் போகிற வாக்கியத்தை எல்லாம் ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள். ஓர் உதாரணம்:

'கேரள அரசின் வருவாய்த்துறையால் பல ஆண்டுகளாக நிலுவையில் வைக்கப்பட்டிருந்த, ஏலத்தோட்டத்தை நம்பி வாழும் குடும்பங்கள் குடியிருக்கும் நிலத்துக்கான உரிமைப் பத்திரம் வழங்கும் பணி தொடங்கப்பட்டது.'

நிலுவையில் இருந்தது ஏலத்தோட்டமா, குடும்பமா, பணியா? வாசகர் கடைசிவரை போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது. எச்சம் நிற்கிற இடங்களில் உடையுங்கள்: 'ஏலத்தோட்டத்தை நம்பி வாழும் இந்தக் குடும்பங்களுக்குக் குடியிருக்கும் நிலத்தில் உரிமைப் பத்திரம் இல்லை. மனுக்கள் பல வருடம் வருவாய்த்துறையில் கிடந்தன. இப்போதுதான் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.' எல்லா வாக்கியத்தையும் இப்படித் துண்டாக்கினாலும் கட்டுரை விக்கல் எடுக்கும். நீளமும் குட்டையும் கலந்து வரட்டும். முக்கியமான விஷயத்துக்குக் குட்டை வாக்கியம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

இதே சுற்றில் 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்றால் அது மிகையாகாது', 'செய்யப்பட்டு வருகிறது', 'மேற்கொள்ளப்பட்டது' எல்லாவற்றையும் தேடிப் பிடியுங்கள். 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது' என்பது 'ஆய்வு செய்தார்கள்' ஆகும், செய்தது யார் என்று கூடவே எழுத வேண்டிவரும், அதுதான் லாபம். 'அவர்', 'அது', 'இது', 'இதனால்' வருகிற ஒவ்வோர் இடத்திலும் எதைச் சுட்டுகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் பெயரையே திரும்ப எழுதுங்கள். ஒரே சொல் திரும்ப வருகிறதே என்று அணை, நீர்த்தேக்கம், அணைக்கட்டு, டேம் என்று மாற்றி மாற்றிப் போடுவது தேவையில்லாத அலங்காரம். நாலும் வேறு வேறு என்று நினைக்க வாசகருக்கு முழு உரிமை உண்டு. முல்லைப் பெரியாற்றில் பெரிய அணைக்குப் பக்கத்திலேயே பேபி டேம் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது.

நான்காம் சுற்றில் சத்தம்போட்டு வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடம், நாக்கு புரளாத இடம், நீங்களே அறியாமல் வேறு சொல் போட்டு வாசித்துவிடுகிற இடம், மூன்றையும் குறியுங்கள். கடைசியாகச் சொன்னதில் உங்கள் வாய் சொன்ன சொல்தான் பெரும்பாலும் சரியான சொல்.

எழுத்துப் பிழை கடைசி. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண ஆகியவற்றை அகராதியில் பார்க்கச் சோம்பல் வேண்டாம். ஒற்றுக்கு மூன்று விதியை மட்டும் பிடித்துக்கொண்டாலே பெரும்பகுதிப் பிழை போய்விடும். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி ஆகியவற்றுக்குப் பின் க, ச, த, ப வரிசை வந்தால் மிகும். ஐ உருபுக்குப் பின் மிகும்: அணையைத் திறந்தார்கள். கு உருபுக்குப் பின் மிகும்: வயலுக்குப் பாயும். ஊர்ப் பெயர்களுக்கு ஒரு தனிச் சீட்டு வையுங்கள். வண்டிப்பெரியார் என்று ஒரு பக்கத்திலும் வண்டிப்பெரியாறு என்று மறுபக்கத்திலும் வந்தால் இரண்டு ஊராகத் தெரியும். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே போடுங்கள்.

வெள்ளோட்டம்

கட்டுரையை இன்னொருவரிடம் கொடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவராக இருந்தால் மிக நல்லது. குமுளியில் எழுதினால் கம்பத்துக்காரர், சித்தூரில் எழுதினால் பொள்ளாச்சிக்காரர். கொடுக்கும்போது எதையும் விளக்காதீர்கள். அச்சில் வந்தபின் ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து விளக்க முடியாது.

'எப்படிண்ணே இருக்கு?' என்று கேட்டால் 'நல்லாத்தான் இருக்கு தம்பி' என்றுதான் வரும். தெரிந்தவர், அதிலும் பெரியவர், முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டார். கையில் பென்சிலைக் கொடுத்து, 'அண்ணே, எந்த இடத்துல திரும்ப வாசிச்சீங்களோ அங்க ஒரு புள்ளி வைங்க, போதும்' என்று சொல்லுங்கள். புள்ளி வைப்பது யாரையும் குறை சொல்வது ஆகாது என்பதால் தாராளமாக வைப்பார்கள். முடித்ததும் ஒரே கேள்வி: 'இதுல நான் என்ன சொல்ல வர்றேன்னு ஒரு வரியில சொல்லுங்க.' அவர் சொன்னதை, ஆரம்பத்தில் நீங்கள் எழுதி வைத்த ஒரு வாக்கியப் பதிலோடு ஒப்பிடுங்கள். தூரமாக இருந்தால் பிழை கட்டுரையில்தான், அவரிடம் இல்லை. தமிழ் டீச்சரிடம் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையால் ஒற்றுப்பிழை சுழிப்பார். அது நல்லதுதான், ஆனால் அதற்கு முன்பே 'அமைப்பை மட்டும் பாருங்க டீச்சர், பிழை அப்புறம் பார்க்கலாம்' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் பேசும்போது குறுக்கே 'இல்லைண்ணே, அதுக்கு அர்த்தம் என்னன்னா' என்று ஆரம்பிக்கக் கூடாது. அப்படி வாயில் வருகிற விளக்கத்தைத்தான் கட்டுரையில் எழுத மறந்திருக்கிறீர்கள்; குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் புள்ளி வைத்தால் மறுபேச்சில்லாமல் மாற்ற வேண்டும். ஒருவர் மட்டும் வைத்தால் யோசிக்கலாம். தடங்கல் எங்கே என்று வாசகர் காட்டுவது அநேகமாக எப்போதும் சரியாக இருக்கும். அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்லும் வைத்தியம் பாதி நேரம் பொருந்தாது, அதை நீங்களே பாருங்கள்.

தேர்வு, போட்டி, தலைப்பு

பொதுத்தேர்வில் இத்தனை சுற்றுக்கு நேரம் ஏது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேரளத் தேர்வுகளில் கேள்வித்தாள் கொடுத்ததும் கிடைக்கும் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம் எழுதுவதற்கில்லை, யோசிப்பதற்கு. அதில் கட்டுரைக் கேள்விக்கு நாலு நிமிடம் ஒதுக்கி, கேள்விக்கு ஒரு வாக்கியப் பதிலையும் மூன்று பத்திகளின் வரிசையையும் மனதில் வையுங்கள். முன்னுரை, முடிவுரை என்று உட்தலைப்பு கேட்டால் தயங்காமல் போடுங்கள். திருத்துபவரும் ஒரு வாசகர்தான், அவர் அவற்றைத் தேடுவார். உள்ளே மட்டும் சரக்கு இருக்கட்டும். ஒரே தலைப்பில் கட்டுக்கட்டாக வாசிக்கிறவருக்கு, முதல் மூன்று வரிக்குள் ஓர் ஊர்ப் பெயரோ ஓர் எண்ணோ கண்ணில் பட்டால் நிமிர்ந்து உட்காருவார்.

தலைப்பையும் முதல் பத்தியையும் எல்லாம் முடிந்தபின் எழுதுங்கள். 'முல்லைப் பெரியாறு: ஒரு பார்வை' என்ற தலைப்பில் என்ன பார்வை என்று யாருக்கும் தெரியாது. '136-க்கும் 142-க்கும் நடுவே' என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பக்க வாசகருக்கும் தெரியும். முதல் பத்தியில் கேள்வி வந்துவிட வேண்டும். பதில் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பதில் சொல்லி முடித்த இடத்தில் பேனாவை வையுங்கள். 'எனவே நாம் அனைவரும் ஒன்றுபட்டு' என்று வருகிற பத்தியை, அது எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், அடித்துவிடலாம்.

ஃபோனில் வாசிப்பவர்கள் அதிகம் என்பதால், அனுப்பும் முன் உங்கள் ஃபோனிலேயே திறந்து பாருங்கள். ஒரு பத்தி திரையைத் தாண்டி இரண்டாம் திரைக்கும் இழுத்தால் பொருள் திரும்புகிற இடத்தில் உடையுங்கள். பிறகு எண்களுக்கு மட்டும் ஒரு சுற்று: ஒவ்வொன்றையும் மூலைக் குறிப்பில் எழுதிய இடத்தில் திரும்பப் போய்ப் பார்த்து டிக் போடுங்கள், நினைவிலிருந்து போட வேண்டாம். யாருடைய பேச்சையாவது அவர் பெயரோடு போட்டிருந்தால், அந்த வரியை மட்டும் அவருக்குப் படித்துக்காட்டி, போடலாமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.